எத்தனை நாள்? – மீன்களின் குவாரன்டைன் தொட்டிக்கு ஒரு வரலாறு

மீன் வளர்ப்பவர்கள் நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடையிலிருந்து வாங்கி வந்த புது மீனைப் பழைய மீன்களோடு சேர்ப்பதற்கு முன்னால் எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்? ஒருவர் ஒரு வாரம் என்பார். அடுத்தவர் பதினான்கு நாள் என்பார். கொஞ்சம் புத்தகம் படித்தவராக இருந்தால் நாலு வாரம், ஆறு வாரம் என்று இழுப்பார். கடைக்காரர் மட்டும், "அதெல்லாம் எதுக்குத் தம்பி, கவரோட கால் மணி நேரம் தொட்டியில மிதக்க விட்டு அப்புறம் பிரிச்சு விட்டுடுங்க" என்று முடித்துவிடுவார்.

கடைக்காரர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது வேறு விஷயம். கவரை மிதக்க விடுவது இரண்டு தண்ணீரின் வெப்பத்தையும் சமப்படுத்துவதற்கு. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நோயைத் தடுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு தொட்டி வேண்டும். அந்தத் தொட்டியையும், அந்த நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பற்றித்தான் இந்தப் பதிவு. கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் தொட்டியை எப்படி அமைப்பது என்பது தானாகவே புரிந்துவிடும்.

முதலில் மனிதர்கள் கதை. 1377-ஆம் ஆண்டு ரகூசா என்ற துறைமுக நகரம் (இன்று குரோவேஷியாவில் இருக்கும் துப்ரோவ்னிக்) ஒரு சட்டம் போட்டது. கொள்ளை நோய் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நேராக நகருக்குள் நுழையக்கூடாது. பக்கத்திலுள்ள மிர்கான் தீவிலோ சாவ்டாட் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் வர வேண்டும். பிறகு வெனிஸ் 1423-இல் ஒரு தீவில் கொள்ளை நோயாளிகளுக்கென்று தனி மருத்துவமனை வைத்தது. 1468-இல் இன்னொரு தீவை, கப்பல்களும் சரக்குகளும் காத்திருப்பதற்கென்றே ஒதுக்கியது. முப்பது நாள் நாற்பது நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்குள்ள சொல்தான் குவாரன்டைன் ஆயிற்று.

ஏன் நாற்பது? கிறிஸ்தவர்களின் தவக்காலம் நாற்பது நாள் என்பதால் என்று ஒரு விளக்கம். கடுமையான நோய் எதுவானாலும் நாற்பது நாளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்ற பழைய வைத்திய நம்பிக்கை என்று இன்னொரு விளக்கம். எப்படிப் பார்த்தாலும் கிருமியைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. கொள்ளை நோயின் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக, எதிரி யாரென்று தெரியாமலேயே வாசலில் காவல் போட்டிருந்தார்கள்!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு (நான் படிப்பது வணிகவியல், அதனால் கண் அங்கேதான் போகிறது). நாற்பது நாள் கப்பல் நிற்கிறது என்றால் சரக்கு நிற்கிறது, முதல் முடங்குகிறது, மாலுமிகளுக்குச் சம்பளம் ஓடுகிறது. ஆகவே குவாரன்டைன் இருந்த இடத்திலெல்லாம் வியாபாரிகளின் முணுமுணுப்பும் இருந்தது. 1851-இல் பாரிஸில் பல நாடுகள் கூடிச் சுகாதார மாநாடு நடத்தியதற்கு முக்கியமான காரணமே, ஆளுக்கொரு நாள் கணக்கு வைத்துக்கொண்டு வாணிபத்தை முடக்குகிறார்கள் என்பதுதான். நோய்க்குப் பயந்து நாளைக் கூட்டுவார்கள், காசுக்குப் பயந்து நாளைக் குறைப்பார்கள். இந்த இழுபறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீன் வியாபாரத்திலும் இதேதான் வரப்போகிறது.

சரி, மீனுக்கு வருவோம். பாரிஸ் மாநாட்டுக்கு முந்தைய வருடம், 1850-இல், லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் சேர்த்து வைத்தார். செடியின் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது. அதைத் தின்னுவதற்கு நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. செடி பிராணவாயு தருகிறது, மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது, நத்தை குப்பையைக் கூட்டுகிறது என்று விளக்கினார். 'சமநிலைத் தொட்டி' என்ற கருத்து இப்படித்தான் பிரபலமானது. 1853-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். 1854-இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் வந்தது, அக்வேரியம் என்ற சொல்லும் பரவியது. இங்கிலாந்தில் வரவேற்பறைதோறும் தொட்டி வைக்கும் பைத்தியமே பிடித்தது.

வாரிங்டனின் கருத்து அழகானது. ஆனால் குவாரன்டைன் தொட்டிக்கு அது பெரிய எதிரி என்பது என் அபிப்பிராயம். தொட்டி ஒரு குட்டி உலகம், சமநிலை வந்துவிட்டால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டால், புது மீன் நோயோடு வரும் என்ற நினைப்பே வராது. மீன் செத்தால் சமநிலை கெட்டது என்பார்கள், வெளியிலிருந்து ஏதோ வந்தது என்று சொல்ல மாட்டார்கள். மணலில்லாத, செடியில்லாத மொட்டைத் தொட்டி ஒன்றை வீட்டில் வைப்பதும் அந்த ரசனைக்கு ஒத்துவராது. இன்றைக்கும் "அழகாவே இல்லையே" என்பதுதான் வீட்டில் வரும் முதல் ஆட்சேபணை :-)

எதிரியின் முகம் தெரிய ஆரம்பித்தது 1869-இல். அதே ஆண்டுதான் சீனாவிலிருந்து பாரடைஸ் மீன்கள் பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. பியேர் கார்போனியே என்பவர் அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். தூர தேசத்து வண்ண மீன்களை ஐரோப்பாவில் வளர்க்கும் மோகம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. ஜெர்மனியில் அதே வருடம் ஹில்கென்டார்ஃப், பாலிக்கி என்ற இருவர், நன்னீர் மீன்களின் தோலில் ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றி எழுதினார்கள். 1876-இல் ஃபூகே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாவிட்டாலும் பொருள் எளிது: ஏகப்பட்ட பிள்ளைகளைப் பெறும் மீன் பேன். நாம் 'இக்' என்றும் வெள்ளைப்புள்ளி நோய் என்றும் சொல்வது இதைத்தான். மீன் மேல் ரவை தூவியது போல இருக்குமே, அதுதான்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நாள் கணக்கின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

மீன் மேல் தெரிகிற வெள்ளைப் புள்ளி தோலுக்கு மேலே இல்லை. தோலுக்கு அடியில் புகுந்து, மீனின் திசுக்களைத் தின்று கொழுக்கிறது. அங்கே இருக்கும்வரை தண்ணீரில் கலக்கும் எந்த மருந்தும் அதை அவ்வளவாகத் தொடாது. வயிறு நிறைந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, தொட்டியின் அடியில் மணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரம் வரைக்கும் குட்டிகள் உண்டாகின்றன. கூடு வெடித்து அவை தண்ணீரில் நீந்தி வருகின்றன. ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது இந்த நீந்துகிற கட்டத்தில் மட்டும்தான்.

முதல் முறை பார்ப்பவரை இது எப்படி ஏமாற்றும் பாருங்கள். மீன் மேல் நாலு புள்ளி தெரிகிறது. மூன்றாம் நாள் புள்ளிகள் மறைகின்றன. அப்பாடா, குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அவை கீழே இறங்கிக் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. நாலு நாள் கழித்து எல்லா மீன் மேலும் நூறு புள்ளி.

இந்தச் சுற்று முடிய எத்தனை நாள்? வெப்பத்தைப் பொறுத்தது. 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். தண்ணீர் 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். ஆக "எத்தனை நாள்?" என்ற கேள்வியே அரைக் கேள்விதான். "எத்தனை டிகிரியில் எத்தனை நாள்?" என்று கேட்க வேண்டும். 26 டிகிரியில் நாலு வாரம் என்பது நாலைந்து சுற்றுகள். செவுளுக்குள் ஒளிந்திருந்த ஓரிரண்டு ஒட்டுண்ணிகள்கூட அதற்குள் பெருகிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் அதே நாலு வாரம் ஒரு சுற்றுக்குக்கூடப் போதாது. ரகூசாக்காரர்களுக்குக் கிடைக்காத கணக்கு இது.

1904-இல் ப்ரூனோ ஹோஃபர் மீன் நோய்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். 1936-இல் மாலகைட் க்ரீன் என்ற சாயம் மீன்களின் பூஞ்சைக்கு மருந்தாக அறிமுகமானது (பிறகு உணவு மீன்களில் பயன்படுத்தக்கூடாது என்று பல நாடுகள் தடை போட்டன). மருந்து வந்தால் தனித்தொட்டி எதற்கு என்று தோன்றலாம். அதற்கான பதிலும் 1936-இலேயே இருக்கிறது. அந்த ஆண்டுதான் அமேசானிலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். நீலமும் சிவப்பும் கோடு போட்ட அந்தக் குட்டி மீனுக்கு உலகமே மயங்கியது. ஐந்தே வருடத்தில், 1941-இல், ஷேபர்க்ளாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அதைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியை விவரித்தார். தசைக்குள் புகுந்து மீனை வெளுக்கச் செய்யும் இந்த நியான் டெட்ரா நோய்க்கு இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை. செத்த மீனை மற்ற மீன்கள் கொத்தித் தின்றால் அவற்றுக்கும் வருகிறது. இங்கே மருந்து பாட்டிலால் பயனில்லை. தனித்தொட்டியும், செத்ததை உடனே எடுக்கிற கையும்தான் காப்பாற்றும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானமும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து வண்ண மீனை உலக வியாபாரமாக்கிவிட்டன. தண்ணீரோடு பிராணவாயுவை அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் மீன் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு இரண்டு நாளில் போய்விடும். கப்பலில் வாரக்கணக்கில் வந்த காலத்தில் நோயுள்ளது வழியிலேயே செத்துவிடும், அந்தப் பயணமே ஒரு குவாரன்டைன். இப்போது நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மீன் கடைக்கு வந்துவிடுகிறது.

இதன் விலை என்ன என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லலாம். ட்வார்ஃப் கௌராமி என்று ஒரு மீன், எல்லாக் கடையிலும் இருக்கும். பூர்வீகம் நம்முடைய கங்கை, பிரம்மபுத்திரா பக்கம். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் பெருக்கி உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் போயின. 2003-இல் அங்கே விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் மர்ரே காட் என்ற அவர்களுடைய சொந்த ஆற்று மீனின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணமான வைரஸை ஆராய்ந்தால், கௌராமிகளில் காணப்படும் வைரஸும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டுத் தொட்டிக்காக வந்த மீனின் நோய், அந்த நாட்டின் பெருமைக்குரிய மீன் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இறக்குமதியாகும் கௌராமிகளை அரசு மேற்பார்வையில் பதினான்கு நாள் தனியாக வைக்கும் விதி அங்கே இருந்தது. அந்தப் பதினான்கு நாளையும் தாண்டிக் கடைகளுக்கு வந்த மீன்களிலும் வைரஸ் இருந்தது. வெளியே காட்டாமல் சுமக்கும் மீன் பதினான்கு நாளும் ஜம்மென்று நீந்தும், அதிகாரி பார்த்து அனுப்பிவிடுவார். கடைசியில் 2016-இலிருந்து, இந்த வைரஸ் இல்லை என்ற சான்று வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

1998-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய் கெண்டைகளைக் கொன்ற ஹெர்பீஸ் வைரஸ் கதையும் இப்படித்தான். 2003-இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் கெண்டைப் பண்ணைகளை அது அழித்தது. தண்ணீர் ஏறக்குறைய 16 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால்தான் நோய் காட்டும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் தனியாக வைத்தாலும் ஒன்றும் தெரியாது. மறுபடி நாள் மட்டும் போதாது, டிகிரி வேண்டும்.

நம் ஊரில்? சென்னை நீலாங்கரையில் 2009-இலிருந்து நீர்வாழ் உயிரினங்களுக்கான குவாரன்டைன் நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களுக்காக அமைத்தது. 1994-95 வாக்கில் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளை ஒரு வைரஸ் துடைத்தெடுத்ததே, அந்த அடி தந்த பாடம். (அதற்கும் வெள்ளைப்புள்ளி நோய் என்றுதான் பெயர். நம் மீனின் வெள்ளைப்புள்ளி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அங்கே இறால்களை ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள், அதனால் மாதக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை. சோதனை இருந்தால் நாள் குறையும். சோதனை இல்லாதவன் நாளைக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொளத்தூர் கடைகளில் வாங்கும் ஒரு ஜோடி மீனை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதில்லை. பண்ணையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து சில்லறைக் கடைக்கு என்று கை மாறுகிறது. ஒவ்வொருவருக்கும் சரக்கு சீக்கிரம் நகர்ந்தால்தான் லாபம். ஒரு மாதம் வைத்திருந்தால் தீனிச் செலவு, இடம், கரண்ட், சாகும் மீனின் நஷ்டம் எல்லாம் அவர் தலையில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வெனிஸ் வியாபாரியும் இதைத்தான் செய்திருப்பார். ஆனால் யாருமே வைக்காத அந்த முப்பது நாளும் கடைசியில் வாங்குகிறவர் தலையில் வந்து விழுகிறது. அவரும் வைக்காவிட்டால், இரண்டு வருடமாக வளர்த்த பழைய மீன்கள்தான் அதற்கு ஈடு கொடுக்கும்.

ஆக, தொட்டி. பெரிதாக ஒன்றும் வேண்டாம். சிறிய மீன்களுக்கு 40 லிட்டர் தாராளம். இரண்டடி நீளத் தொட்டி இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப் கூடப் போதும். பக்கவாட்டில் பார்க்க முடிவதால் கண்ணாடி நல்லது, நாம் செய்யப்போகிற முக்கிய வேலையே பார்ப்பதுதான். மணல், கல், செடி எதுவும் வேண்டாம். ஒட்டுண்ணி கூடு கட்டும் இடம் அதுதான் என்று மேலே பார்த்தோம். மொட்டைத் தரையென்றால் தினமும் ஒரு குழாயால் அடியை உறிஞ்சி எடுக்கும்போது கூடுகளும் சேர்ந்து போகும். கழிவின் நிறம், வெள்ளையாக நூல் போல வருகிறதா என்பதும் தெரியும், வயிற்றுக் கோளாறுக்கு அது அடையாளம். மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப் துண்டு போடுங்கள். ஒளிய இடமில்லாத மீன் பயத்திலேயே நோய்வாய்ப்படும்.

ஃபில்டர்தான் பலரும் கோட்டை விடும் இடம். மீனின் கழிவு அமோனியாவாகிறது, அது விஷம். அதை மாற்றும் பாக்டீரியாக்களை 1890-இல் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டினார். வாரிங்டன் தொட்டி தெளிந்ததில் செடி, நத்தையோடு இவற்றுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும், ஆனால் அவருக்கு இவை தெரியாது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா இருக்காது. ஆகவே ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் ஓட விட்டு வையுங்கள். மீன் வரும் அன்று அதை எடுத்துத் தனித்தொட்டியில் போட்டால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். அப்படிச் செய்யாவிட்டால் மீன் நோயில் சாகாது, அமோனியாவில் சாகும். "குவாரன்டைன் பண்ணினேன், அதிலேயே செத்துப்போச்சு" என்பவர்கள் பலருடைய கதை இதுதான்.

ஹீட்டர் சென்னையில் முக்கால்வாசி வருடம் தேவைப்படாது. ஐப்பசி மழையில் ஆரம்பித்து மார்கழி, தை வரை ராத்திரியில் தண்ணீர் குளிரும்போது தேவை. வெள்ளைப்புள்ளி தலையெடுக்க வாய்ப்பு அதிகமுள்ள காலமும் அதுவே. ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம், டிகிரி தெரியாமல் நாளை எண்ணுவதில் அர்த்தமில்லை. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதி. வலை, குழாய், பக்கெட் எல்லாம் தனியாக வேண்டும். பெரிய தொட்டியிலிருந்து சில அடியாவது தள்ளி வையுங்கள், குமிழி வெடித்துத் தெறிக்கும் துளியிலும் கிருமி போகும். தினமும் முதலில் பெரிய தொட்டி வேலையை முடித்துவிட்டு, கடைசியில் இதில் கை வையுங்கள்.

வந்த அன்றே மருந்தைக் கொட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன நோய் என்று தெரியாமல் நீல மருந்தை ஊற்றினால் ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவும் சாகலாம், மீனின் செவுளும் எரியும். முதல் மூன்று நாள் கொஞ்சமாகத் தீனி, வெளிச்சம் குறைவு, வேறொன்றும் வேண்டாம். புள்ளி தெரிந்தால் அப்போது வைத்தியம் பாருங்கள், புள்ளி மறைந்த அன்று நிறுத்தாதீர்கள். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். நடுவில் இன்னொரு புது மீனைச் சேர்த்தாலும் அப்படியே, பழைய கணக்கு செல்லாது.

கோய் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இரண்டு வாரத்தில் பழைய குளத்திலிருந்து ஒரே ஒரு மீனை எடுத்துப் புது மீனோடு விட்டுப் பார்ப்பார்கள். வெளியே காட்டாமல் நோயைச் சுமக்கும் மீனைப் பிடிக்க, ஆய்வகம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு மீனைப் பணயம் வைப்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் ஆஸ்திரேலியாவின் பதினான்கு நாள் கோட்டை விட்டதை இது பிடிக்க வாய்ப்புண்டு.

எல்லாம் முடிந்து மீன் இடம் மாறிய பிறகு, அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள், ஏரியிலோ குளத்திலோ வேண்டாம். செத்த மீனையும், பிடிக்காமல் போன மீனையும்கூட அங்கே விடாதீர்கள். தொட்டியை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரமே இல்லாமல் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள், ஒட்டுண்ணிக் கூடுகளுக்குக் காய்ச்சல் ஆகாது. நோய் எதுவும் வராமல் இருந்திருந்தால் ஸ்பாஞ்சை மறுபடி பெரிய தொட்டியில் போடலாம். நோய் வந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஸ்பாஞ்ச் ஒன்றை அன்றைக்கே பெரிய தொட்டியில் ஓட விடுங்கள். அடுத்த மீன் வாங்க ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும்.